அலையும் ஒளியும் – 5: கடல் தெரியாத ஜன்னல்

சென்ற வாரம் பீட்டர்ஸ்பர்க் கலைக்கழகத்தின் கண்காட்சி மண்டபத்தில் நிறுத்தியிருந்தோம். 1836, இலையுதிர்காலம். சுவரில் 19 வயதுப் பையன் ஒருவன் வரைந்த கடல் படங்கள். வருகிறவர்கள் எல்லாரும் அவற்றின் முன்னால்தான் கூட்டமாக நிற்கிறார்கள். அந்த நேரத்தில் அரண்மனையிலிருந்து உத்தரவு வருகிறது. அந்தப் பையனின் படங்களை உடனே சுவரிலிருந்து இறக்கிவிட வேண்டும் என்று ஜார் முதலாம் நிக்கோலஸ் சொல்லிவிட்டார்.

படங்கள் இறங்கின. சுவரில் வெற்று ஆணிகள்.

என்ன குற்றம் செய்தான் இவான் ஐவசோவ்ஸ்கி?

ஜார் பிரான்ஸிலிருந்து ஆசையாக வரவழைத்திருந்த கடல் ஓவியர் ஃபிலிப் தானெர். அவருக்கு உதவியாளாகக் கலைக்கழகம் இந்தப் பையனை அனுப்பியது. போன இடத்தில் தொழில் கற்றுக்கொடுக்கத் தானெருக்கு மனமில்லை. வண்ணம் குழைக்க வேண்டும், தூரிகை கழுவ வேண்டும், அவ்வளவுதான். தன் பெயரில் ஒரு படம் வரையப் பையனுக்கு நேரம் கிடைக்கவில்லை. கண்காட்சிக்கு ஏதாவது வரைந்து கொடு என்று கலைக்கழகத் தலைவர் ஒலேனின் சொன்னபோது, உடம்பு சரியில்லை என்று சாக்குச் சொல்லிவிட்டு அறைக்குள் உட்கார்ந்து வரைந்தான். அந்தப் படங்கள்தான் சுவரேறின. தானெர் நேராக மன்னரிடம் போய், பையன் அடங்க மறுக்கிறான், கட்டுப்பாடு இல்லை என்று புகார் சொன்னார். நிக்கோலஸுக்குக் கட்டுப்பாடு என்ற ஒரு சொல் போதும்.

அடுத்த சில மாதங்கள் அவனுக்கு நரகம். மன்னரின் கோபத்துக்கு ஆளானவன் பக்கத்தில் நிற்க யாருக்குத் தைரியம் வரும்? நீதிக்கதைகளால் ரஷ்யா முழுவதும் பெயர் பெற்ற கிழவர் கிரிலோவ் ஒருவர்தான் தேடிவந்து கட்டியணைத்துத் தேற்றினார் என்று ஐவசோவ்ஸ்கி பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். காரியத்தை முடித்து வைத்தவர் வேறொருவர். போர்க்காட்சி ஓவியப் பேராசிரியர் ஸாவர்வைட், அரச குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக் கொடுத்தவர். சமயம் பார்த்து மன்னரிடம் பேசினார். இறக்கிய படங்களில் ஒன்றைக் கண்ணெதிரே வைத்தார். நிக்கோலஸ் பார்த்தார். கோபம் தணிந்தது. பையனுக்கு மன்னிப்பும் கிடைத்தது, படத்துக்குப் பணமும் கிடைத்தது. தானெர் ரஷ்யாவை விட்டே போக வேண்டியதாயிற்று.

அந்தக் கண்காட்சிக்கு இன்னொருவரும் வந்திருந்தார். மனைவியோடு வந்து, கிரீமியாக் கரையிலிருந்து வந்த இந்த ஆர்மீனியப் பையனிடம் அன்பாக இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார் கவிஞர் புஷ்கின். சில மாதங்களில், 1837-ன் தொடக்கத்தில், துப்பாக்கிச் சண்டையில் குண்டடிபட்டு இறந்தார். ஐவசோவ்ஸ்கி அந்தச் சந்திப்பை மறக்கவேயில்லை. 40 வருடம் கழித்து, கடலிடம் புஷ்கின் விடைபெறும் காட்சியை வரைந்தபோது, கடலைத் தானே வரைந்துவிட்டு மனித உருவத்தை மட்டும் ஓவியர் ரேப்பினிடம் கொடுத்து வரையச் சொன்னார். மனிதர்களை வரைவதில் தன் கை எவ்வளவு தூரம் போகும் என்று அவருக்குத் தெரியும். பெரிய கலைஞனுக்கு அதைவிட நேர்மையான குணம் என்ன வேண்டும்?

*

1837-ல் தங்கப் பதக்கம். படிப்புக் காலம் முடிய இன்னும் இரண்டு வருடம் இருந்தது. கலைக்கழகமே அவனை முன்கூட்டி விடுவித்து, சொந்த ஊர்ப்பக்கம் போய்க் கடலைப் படி என்று அனுப்பிவைத்தது.

சொந்த ஊர் ஃபியோதோசியா. கருங்கடல் கரையில் கிரேக்கர்கள் கட்டிய துறைமுகம். பிறகு ஜெனோவா வணிகர்கள் காஃபா என்ற பெயரில் ஆண்டது. ஒரு காலத்தில் அடிமைச் சந்தைக்குப் பேர்போனது. 1817-ல் அங்கே ஓர் ஏழை ஆர்மீனிய வியாபாரியின் வீட்டில் பிறந்து, கரித்துண்டால் சுண்ணாம்புச் சுவர்களில் கப்பல் கிறுக்கி, நகரத்துக் கட்டடக் கலைஞர் கோக்கின் கண்ணில் பட்ட கதையை முதல் வாரமே பார்த்தோம். அதே கரைக்குப் பதக்கத்தோடு திரும்பி வந்தான். வந்த இடத்தில் அவனுக்கு ஓர் அழைப்பு காத்திருந்தது. ஓவியனுக்கு வருகிற அழைப்பு அல்ல அது, போர்க்கள அழைப்பு.

1839, மே மாதம். காக்கசஸ் கரையில் சுபாஷி என்ற இடத்தில் ரஷ்யப் படைகள் தரையிறங்கப் போகின்றன. மலைமக்களான சர்க்காசியர்களின் மண்ணைப் பிடிக்கிற யுத்தம் அது. ஒன்றை இங்கே சொல்லாமல் தாண்ட முடியாது. ஐவசோவ்ஸ்கியின் புகழ்பெற்ற கடற்படைப் படங்கள் பலவும் ஒரு பேரரசின் கப்பல்தளத்தில் நின்று பார்த்த காட்சிகள். கரையில் நின்று அந்தக் கப்பல்களைப் பார்த்தவர்களின் கண்ணுக்கு அந்தக் கடல் வேறாகத்தான் தெரிந்திருக்கும். அந்தப் படம் வரையப்படவில்லை.

தளபதி ரயேவ்ஸ்கி கூப்பிட்டதால் ஐவசோவ்ஸ்கியும் போனான். படகிலிருந்து கரைக்குக் குதித்தபோது கையில் ஒரு கைத்துப்பாக்கி, அக்குளில் காகிதமும் பென்சிலும் வைத்த ஒரு பை. கூட வந்த இளம் கடற்படை நண்பனுக்குக் குண்டுக்காயம். அவனைப் படகில் ஏற்றிக் கப்பலில் சேர்த்துவிட்டுத் திரும்பக் கரைக்கு வந்தபோது சாயங்கால வெயில் கடலில் சாய்ந்துகொண்டிருந்தது. துப்பாக்கியை விட்டுவிட்டுப் பென்சிலை எடுத்தான்.

இந்தப் பயணத்தில்தான் அவன் ‘சிலிஸ்த்ரியா’ என்ற போர்க்கப்பலில் ஏறினான். வாசகர்கள் இந்தப் பெயரைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கருங்கடல் கப்பற்படைத் தலைவர் லாசரெவின் கொடி பறந்த கப்பல் அது. அதன் காப்டன் நக்கிமோவ். லாசரெவின் பக்கத்தில் கோர்னிலோவ் என்ற துடிப்பான அதிகாரி. இந்த மூன்று பேரும் பையனுக்குக் கப்பல் சாஸ்திரம் கற்றுக்கொடுத்தார்கள். எந்தக் காற்றுக்கு எந்தப் பாயை விரிப்பது, எதைச் சுருட்டுவது, கப்பல் சாயும்போது கயிறுகள் எந்தப் பக்கம் விறைக்கும், எந்தப் பக்கம் தொய்யும் என்று அவன் கேட்கக் கேட்கச் சொன்னார்கள். இவன் படங்களில் மாலுமிகள் குறை சொல்ல இடமில்லாமல் போனதற்கு அந்த நாட்கள்தான் காரணம்.

*

1840-ல் இத்தாலி. வெனிஸ் அருகே சான் லாசரோ தீவில் இருக்கும் ஆர்மீனிய மடத்தில் அண்ணன் கப்ரியேல் துறவியாக இருந்தார். பல வருடம் கழித்து அண்ணனும் தம்பியும் சந்தித்தார்கள். அதன்பிறகு ஃப்ளாரன்ஸ், நேப்பிள்ஸ், அமால்ஃபி, சொரென்டோ. கடலோரம் கடலோரமாகவே போனார்.

இந்தத் தொடரின் நடுநாயகமான விஷயத்துக்கு இப்போதுதான் வருகிறோம். கடல்மேல் விழுகிற ஒளியை வரைவது எப்படி?

முறைப்படி என்றால் கடற்கரையில் சட்டத்தை நிறுத்தி, எதிரே பார்த்து, பார்த்ததை வரைய வேண்டும். ஐவசோவ்ஸ்கியும் அப்படித்தான் தொடங்கினார். இத்தாலியக் கரையில் ஒரு காட்சியை மூன்று வாரம் உட்கார்ந்து, பாறைக்குப் பாறை, மரத்துக்கு மரம் பிசகாமல் வரைந்தார். பிறகு அறைக்குள் போய், கண்ணில் தங்கியிருந்த ஒரு சூரிய அஸ்தமனத்தையும் ஒரு சூரியோதயத்தையும் நினைவிலிருந்து மட்டும் சில நாட்களில் வரைந்தார். எல்லாவற்றையும் காட்சிக்கு வைத்தார்கள். மூன்று வாரப் படத்தின் முன்னால் ஜனங்கள் தலையாட்டிவிட்டு நகர்ந்தார்கள். நினைவிலிருந்து வந்த படங்களின் முன்னால் நின்றவர்கள் நகரவேயில்லை.

அன்றைக்கு அவருக்கு ஒன்று பிடிபட்டது. மலை நிற்கும், மரம் நிற்கும், அலை நிற்காது. நாம் தூரிகையை வண்ணத்தில் தோய்த்து எடுக்கிற நேரத்துக்குள் நாம் பார்த்த அலை உடைந்து போயிருக்கும். அதன்மேல் மின்னிய வெளிச்சம் அடுத்த அலைக்குத் தாவியிருக்கும். எதிரே பார்த்து வரைகிறவன் நூறு வெவ்வேறு அலைகளின் துண்டுகளை ஒட்டுப்போட்டு ஓர் அலை செய்கிறான். அது அசையாது. அலை முழுசாக எழுந்து, திரண்டு, உடைகிற அந்த ஒரு கணத்தை மனசு மட்டும்தான் பிடித்து வைக்கும். மின்னலையும், காற்றின் வீச்சையும், அலையின் துள்ளலையும் எதிரே வைத்து வரைய முடியாது என்பதை வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அதனால் கடற்கரைக்குப் பென்சிலோடு மட்டும் போனார். கரையின் கோடு, மேகத்தின் விளிம்பு, கப்பலின் சாய்வு, நாலு கோடு போதும். மற்றதெல்லாம் அறைக்குள். முதலில் வானம். அதை ஒரே மூச்சில் முடித்துவிடுவார். சில நாட்களில் 10 மணி நேரம்கூட நின்றபடியே. காரணம் இருக்கிறது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வானம் மாறுகிற இடத்தில் எல்லைக்கோடு கிடையாது. எண்ணெய் வண்ணம் ஈரமாக இருக்கும்போதே ஒன்றை ஒன்றில் இழைத்துவிட வேண்டும். ஒரு ராத்திரி காய விட்டால் மறுநாள் தையல் தெரியும். வானம் காய்ந்தபின் கடல். அடியில் ஒளியான வண்ணம், அதன்மேல் கண்ணாடிபோல மெல்லிய பூச்சு, அதன்மேல் இன்னொன்று. வெளிச்சம் மேலே பட்டுத் திரும்பாமல், உள்ளே இறங்கி அடியைத் தொட்டுவிட்டு மேலே வருகிறது. நிஜக் கடலிலும் வெளிச்சம் அதைத்தானே செய்கிறது!

பதினாறாம் கிரெகோரி போப்பாண்டவர் அவருடைய ஒரு படத்தை வத்திக்கானுக்கு வாங்கினார். 1843-ல் பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம். இவற்றை வேகமாகக் கடந்துவிடலாம். பாராட்டுகளைவிட முக்கியமான ஒன்று அந்த வருடங்களில்தான் நடந்தது.

*

பிஸ்கே விரிகுடா. ஐரோப்பியக் கடலோடிகள் பெயரைச் சொன்னாலே முகம் மாறுகிற இடம். ஐவசோவ்ஸ்கி ஏறிய கப்பல் நடுவிரிகுடாவில் புயலில் மாட்டியது. தளத்தின்மேல் தண்ணீர் ஏறி அடித்தது. பயணிகள் அலறினார்கள், பிரார்த்தித்தார்கள், சிலர் புத்தி பேதலித்தவர்கள் போலானார்கள்.

சில நாட்களில் பாரிஸ் பத்திரிகைகளில் செய்தி வந்தது. கப்பல் மூழ்கிவிட்டது. பயணிகளில் ஒருவர் ரஷ்யக் கடல் ஓவியர் ஐவசோவ்ஸ்கி.

செய்தி பொய். அடிபட்டு, உடைந்து, எப்படியோ அந்தக் கப்பல் லிஸ்பன் துறைமுகத்துக்குள் புகுந்துவிட்டது. தன் மரணச் செய்தியைத் தானே கேட்கிற விதி அவருக்கு வாய்த்தது. அந்த ராத்திரியைப் பற்றிப் பின்னாளில் அவர் சொன்னதுதான் இங்கே முக்கியம். எல்லாரையும் போலத் தானும் நடுங்கியதை அவர் மறைக்கவில்லை. ஆனால் அந்த நடுக்கத்துக்குள்ளேயும் கண் கடலைவிட்டு விலகவில்லை. கோபத்தில் இருந்த அந்தக் கடல் எத்தனை அழகாக இருந்தது என்பதை ரசிக்கிற சக்தி மட்டும் போகவில்லை என்றார். எதிரே பார்த்து வரைய முடியாத படம் ஒன்று அன்றைக்கு மனதில் இறங்கிவிட்டது. வெளியே வர அதற்கு இன்னும் சில வருடம் பிடித்தது.

1844-ல் நாடு திரும்பினார். 27 வயதில் கலைக்கழக உறுப்பினர், கடற்படைத் தலைமையகத்தின் ஓவியர். தலைநகரில் இருந்திருந்தால் அரண்மனைக் கதவுகள் எல்லாம் திறந்திருக்கும். அவர் அடுத்த வருடமே ஃபியோதோசியாவில் கடலோரமாக வீடு கட்ட ஆரம்பித்தார். கடல் எதிரேயே இருக்கிறது. வீட்டின் முகப்பில் நின்றால் உப்புக்காற்று முகத்தில் அடிக்கும். ஆனால் அவர் வரைகிற அறையின் ஜன்னல் கடலைப் பார்க்கவில்லை. உள்முற்றத்தைப் பார்த்தது. சுவர்களில் ஒரு படம் கிடையாது, ஓர் அலங்காரம் கிடையாது. வெறும் சுவர். பத்தடி நடந்தால் தெரிகிற கடலை, தெரியாதபடி செய்துகொண்டு அவர் வரைந்தார்.

1846, மே. அவர் ஓவியத்துறைக்கு வந்து 10 வருடம் நிறைந்ததை ஊரே கொண்டாடியது. அன்றைக்கு விரிகுடாவுக்குள் ஆறு போர்க்கப்பல்கள் வரிசையாகப் பாய் விரித்து வந்தன. நண்பனை வாழ்த்த அவற்றைக் கூட்டிவந்தவர் கோர்னிலோவ். சிலிஸ்த்ரியா காலத்து அதே கோர்னிலோவ். ஓர் ஓவியனுக்குக் கப்பற்படை வணக்கம் சொல்ல வந்த காட்சியை நினைத்துப் பாருங்கள்.

*

1850. முற்றத்து ஜன்னல் அறையில் ஒரு பெரிய கேன்வாஸ் நிற்கிறது. 221 செ.மீ உயரம், 332 செ.மீ அகலம். ஒரு பக்கச் சுவரையே மறைக்கும். 11 நாட்களில் முடித்தார் என்பார்கள். பெயர் ‘ஒன்பதாவது அலை’.

புயலில் அலைகள் ஒன்றைவிட ஒன்று பெரிதாக எழும், ஒன்பதாவதுதான் கப்பலைக் கவிழ்க்கும் என்பது மாலுமிகளின் நம்பிக்கை. பழைய கிரேக்கர்கள் மூன்றாவது அலை என்றார்கள், ரோமானியர்கள் பத்தாவது என்றார்கள். கணக்கு ஊருக்கு ஊர் மாறுகிறது, பயம் ஒன்றுதான்.

படத்தில் இரவு முழுக்க அடித்த புயல் ஓய்கிற விடியற்காலை. கப்பல் போய்விட்டது. உடைந்த பாய்மரத் துண்டைப் பற்றிக்கொண்டு சிலர். ஈரத்துணியில் அங்கங்கே கொஞ்சம் சிவப்பு. அந்தத் துண்டு சிலுவைபோலத் தெரிகிறது என்று அதில் சமயப் பொருள் காண்கிறவர்கள் உண்டு. எனக்கு அது கடைசிவரை மரமாகத்தான் தெரிகிறது. அதைப் பிடித்திருக்கிற விரல்களின் இறுக்கம் அப்படி. சுற்றிலும் எங்கேயும் கரை இல்லை. காப்பாற்ற வருகிற கப்பல் ஒன்றும் இல்லை. மேலே, மூடுபனிக்குப் பின்னால், கலங்கின மஞ்சளாக ஒரு சூரியன்.

இனி அந்த அலையைப் பாருங்கள். அச்சுப் பிரதியில் பார்த்தாலும் போதும். அடிவாரத்தில் கறுப்புக்குப் பக்கத்தில் போகிற கரும்பச்சை. மேலே ஏற ஏற நிறம் இளகுகிறது. உச்சியில், நுரையாக உடைவதற்குச் சற்று முன்னால், இளம் வாழையிலையை வெயிலில் தூக்கிப் பிடித்ததுபோல ஒரு பச்சை. வெளிச்சம் அலையின்மேல் விழவில்லை. அலைக்குப் பின்னாலிருந்து அதைத் துளைத்துக்கொண்டு நம் பக்கம் வருகிறது. தண்ணீர் சிவப்பை விழுங்கிவிடும், பச்சையையும் நீலத்தையும் விட்டுவிடும். அலை தடித்திருக்கும் அடியில் எதுவும் தப்பி வராது; மெலிந்த உச்சியில் மட்டும் அந்தப் பச்சை தப்பிவிடும். விடிகாலையில் கிழக்குப் பார்த்த கடற்கரையில் நின்றவர்கள் எல்லாரும் இதைப் பார்த்திருப்பார்கள். அரை விநாடிதான், உடைந்துவிடும். ஐவசோவ்ஸ்கி அந்த அரை விநாடியை உடையவிடாமல் நிறுத்தி வைத்திருக்கிறார்.

சூரியனிலிருந்து தண்ணீரின்மேல் ஒளியின் பாதை ஒன்று கீழே இறங்குகிறது. படத்தில் உள்ள மனிதர்கள் போகக்கூடிய ஒரே வழி அதுதான். அவர்கள் பிழைத்தார்களா? படம் சொல்லாது. அலை இன்னும் விழவில்லை.

மாஸ்கோவில் காட்சிக்கு வைத்தபோது ஜனங்கள் திரும்பத் திரும்ப வந்து பார்த்தார்கள். வாங்கியவர் யார் தெரியுமா? 14 வருடத்துக்கு முன்னால் இவருடைய படங்களைச் சுவரிலிருந்து இறக்கச் சொன்ன அதே நிக்கோலஸ்.

*

1853, நவம்பர். துருக்கிக் கரையில் சினோப் துறைமுகம். நக்கிமோவின் ஆறு பெரிய கப்பல்கள் உள்ளே நுழைந்து, வெடிகுண்டுப் பீரங்கிகளால் ஒட்டோமான் கப்பல் வரிசையைச் சில மணி நேரத்தில் தீக்கிரையாக்கின. செய்தி கேட்டதும் ஐவசோவ்ஸ்கி செவஸ்தபோலுக்கு விரைந்தார். சண்டையில் இருந்தவர்களை உட்காரவைத்து, எந்தக் கப்பல் எங்கே நின்றது, புகை எந்தப் பக்கம் போனது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இரண்டு படங்கள் வரைந்தார்: ஒன்று பகல், ஒன்று இரவு. இரவுப் படத்தில் கடலுக்கு வெளிச்சம் தருவது சூரியனும் அல்ல, நிலவும் அல்ல. எரிகிற கப்பல்கள்.

சினோப்பின் தீ ஐரோப்பாவைப் பற்றிக்கொண்டது. 1854-ல் பிரிட்டனும் பிரான்ஸும் துருக்கியோடு சேர்ந்து போரில் இறங்கின. செப்டம்பரில் அவர்களுடைய படைகள் கிரீமியாவில் இறங்கி, அல்மா ஆற்றங்கரையில் ரஷ்யப் படையை முறியடித்தன. எதிரியின் நீராவிக் கப்பல்கள் செவஸ்தபோல் விரிகுடாவுக்குள் எந்நேரமும் நுழையலாம். பாய்மரக் கப்பல்களால் அவற்றைத் தடுக்க முடியாது. ஒரே ஒரு வழிதான் மிச்சம் இருந்தது.

கோர்னிலோவ் அந்த வழியை எதிர்த்தார். வெளியே போய் மோதிச் சாவோம் என்றார். தலைமைத் தளபதி மென்ஷிகோவ் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் உத்தரவைப் பிறப்பிக்க வேண்டிய கை கோர்னிலோவின் கையாகவே இருந்தது: விரிகுடாவின் வாயில் நம் கப்பல்களை நாமே மூழ்கடிப்பது.

ஐந்து பெரிய போர்க்கப்பல்கள், இரண்டு சிறியவை, வாயை அடைத்தபடி வரிசையாக நங்கூரமிட்டன. மாலுமிகள் இறங்கிப் படகுகளில் ஏறினார்கள். ராத்திரியில் கப்பல்களின் அடிப்பலகைகளைத் துளைத்தார்கள். வரிசையில் ஒரு கப்பலின் பெயர் சிலிஸ்த்ரியா. பத்து வருடத்துக்குமேல் அதற்குக் காப்டனாக இருந்த நக்கிமோவ் அப்போது செவஸ்தபோலில்தான் இருந்தார்.

தண்ணீர் ஏறியது. சிலிஸ்த்ரியா சாய்ந்தது. ஒவ்வொன்றாகக் கொடிமரங்கள் கீழே இறங்கின. கிழக்கு வெளுத்தது. ஐவசோவ்ஸ்கி வாழ்நாளெல்லாம் வரைந்த அதே விடியற்கால வெளிச்சம், மரத்துண்டுகள் மிதக்கிற விரிகுடாவின்மேல் மெதுவாகப் பரவியது.

கரையில் நின்றவர்கள் அப்போதுதான் பார்த்தார்கள். ஒரு கப்பல் மட்டும் மூழ்கவில்லை.

அடியில் துளை போட்டிருக்கிறார்கள். உள்ளே தண்ணீர் ஏறுகிறது. ஆனாலும் அது தலை சாய்க்காமல் நிற்கிறது. சினோப்பில் நக்கிமோவோடு போய், அந்த எரிகிற ராத்திரியைக் கண்ட ‘மூன்று புனிதர்கள்’ என்ற கப்பல் அது. மாலுமிகள் தொப்பியைக் கழற்றினார்கள். சிலர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்கள்.

‘இடிமுழக்கம்’ என்ற ரஷ்ய நீராவிக் கப்பல் ஒன்று மெதுவாக அதன் பக்கத்தில் வந்து, பீரங்கியைத் திருப்பியது…

(அடுத்த வாரம்)